பிராக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்

சமன்பாட்டைத் தீர்த்தால் ஓர் எண் கிடைக்கும், ஆட்டம் முடிந்தது. அசமன்பாடு எண்கோட்டில் ஒரு பக்கத்தையே வாரிக்கொண்டு வரும். அதை ரசிக்கவிடாமல் செய்தது பள்ளியில் உருப்போட்ட ஒரு கட்டளைதான்: ‘பிராக்கெட்டைப் பிரி, மைனஸால் வகுத்தால் குறியைத் திருப்பு.’

முதலில் பிரிப்பதைப் பார்ப்போம். கொல்கத்தாத் தமிழர்கள் காபிப் பொடிக்கும் வாழை இலைக்கும் போகிற லேக் மார்க்கெட்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வீட்டுக்குப் பை போட வேண்டும். பைக்கு 40 ரூபாய் அப்பளம், x ரூபாய்க்குக் காபிப் பொடி. கையில் 600 ரூபாய்.

5(x + 40) ≤ 600

பங்கீட்டுப் பண்பைக் கொண்டு பிரித்தால் 5x + 200 ≤ 600. இது கடைக்காரர் பார்வை: அப்பளத்துக்கு மொத்தம் 200, மீதி 400 பொடிக்கு. பிரிக்காமல் ஐந்தால் வகுத்தால் x + 40 ≤ 120. இது வீட்டுக்காரர் பார்வை: ஒரு பைக்கு 120 தாண்டக்கூடாது. எப்படிப் போனாலும் x ≤ 80தான். ஆனால் ஒரே பணத்தைச் சரக்குவாரியாகவும் வீடுவாரியாகவும் பார்த்தாகிவிட்டது. பிராக்கெட்டைக் கண்டதும் பிரித்துப் போடுவதை நான் ரசனை என்று சொல்லமாட்டேன். எந்தப் பார்வை வேண்டும் என்று ஒரு நொடி யோசித்துவிட்டுப் பிரிக்க வேண்டும்.

அடுத்து அந்த மைனஸ் பூச்சாண்டி.

−2(x − 3) > 4

பிரித்தால் −2x + 6 > 4. மைனஸ் இரண்டை மைனஸ் மூன்றோடு பெருக்கினால் பிளஸ் ஆறு. பலரும் சறுக்குவது இங்கேதான். இனி வகுக்க அவசரப்படாதீர்கள். இரு பக்கமும் 2x கூட்டி, 4 கழியுங்கள்: 2 > 2x. அதாவது 1 > x. எந்தக் குறியையும் நாம் திருப்பவில்லை. x எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான். மனப்பாடம் செய்த விதி வெறும் கூட்டல் கழித்தலில் தானாகவே வந்துவிட்டது.

உண்மையான சுவை இதற்குப் பிறகுதான். எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே (a − b)² ≥ 0. பிரித்தால் a² + b² ≥ 2ab. பிராக்கெட்டுக்குள் இருந்தவரை யாரும் திரும்பிப் பார்க்காத உண்மை, பிரித்ததும் ஒரு செய்தியாகிவிடுகிறது.

இந்த ஒற்றை வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி. 1940களில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரசிடென்சி கல்லூரியில் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய இளைஞர் சி.ஆர். ராவ், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மதிப்பீட்டியல் பாடமும் எடுத்தார். மாதிரி மிகப் பெரிதாக இருக்கும்போது பொருந்தும் புள்ளியியலாளர் ஃபிஷரின் முடிவை விளக்கியபோது, ‘சிறிய மாதிரிக்கும் இப்படி ஒன்று உண்டா?’ என்று கேட்டார் மாணவர் வி.எம். தாண்டேகர், பின்னாளில் பெயர்பெற்ற பொருளியலாளர். அன்றிரவே ராவ் விடையைக் கண்டுபிடித்தார் என்பார்கள். 1945இல் அது கல்கத்தா கணிதவியல் கழகத்தின் இதழில் வெளியானது. சுவீடனின் ஹரால்டு கிராமரும் தனியே அதே முடிவுக்கு வந்ததால் இன்று அதன் பெயர் கிராமர்–ராவ் அசமன்பாடு.

சாரம் இதுதான்: எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணித்தாலும், ஒரு பக்கமாகச் சாயாத மதிப்பீட்டில் பிழையின் வர்க்கச் சராசரி, கையிலுள்ள தரவு அனுமதிக்கும் எல்லைக்குக் கீழே இறங்காது. இன்றைய வகுப்புகளில் இதை நிறுவும் ஒரு வழியைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாயாத மதிப்பீட்டின் பிழை A. அதன் வர்க்கச் சராசரி V. தரவில் பொதிந்த தகவலின் அளவு I. அந்தத் தகவலிலிருந்து B என்றொரு கணியத்தை அமைக்கலாம். B-இன் வர்க்கச் சராசரி 1/I, A-யையும் B-யையும் பெருக்கி வரும் பெருக்கற்பலனின் சராசரியும் 1/I. இனி (A − B)² என்பதைப் பிரித்துச் சராசரி எடுங்கள்:

V − 2/I + 1/I ≥ 0

ஆக V ≥ 1/I. தகவல் இரட்டித்தால் எல்லை பாதியாகும். A, B என்பவை என்ன, அந்தச் சராசரிகள் ஏன் 1/I என்று காட்டத்தான் நுண்கணிதமும் ராவின் மேதைமையும் வேண்டும். கடைசி அடியை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் எடுத்துவைக்கும். இதை முதன்முறை பார்க்கிறவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சரியான இடத்தில்தான் வியக்கிறார்கள்.

அசமன்பாட்டைப் படிக்கும்போது இன்னொரு கேள்வியையும் கையில் வைத்திருங்கள்: சமக்குறி எப்போது வரும்? a² + b² ≥ 2ab-இல் a-யும் b-யும் சமமானால் மட்டும். ராவின் எல்லையில் A-யும் B-யும் ஒன்றானால் மட்டும். அந்த எல்லையைத் தொட்டுவிட்ட மதிப்பீட்டை, ஒரு பக்கமாகச் சாயவிடாமல் அதற்குமேல் யாராலும் மெருகேற்ற முடியாது.

இப்போது ஒரு தாளை எடுத்து, a² + b² + c² ≥ ab + bc + ca என்பது எப்போதும் சரிதானா என்று பாருங்கள். இங்கே பிரிக்க எதுவுமில்லை, சேர்க்க வேண்டும்: எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து இரண்டால் பெருக்கினால், உள்ளே மூன்று வர்க்கங்கள் ஒளிந்திருப்பது தெரியும்.