காப்புக் காரணிகளுக்கு எவ்வளவு எடை?

வன்முறைக் குற்றம் செய்து மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டவரை வெளியே விடலாமா? இதை முடிவு செய்பவர்கள் நெடுங்காலம் அவரிடமுள்ள கேடுகளை மட்டுமே எண்ணினார்கள். வன்முறை அபாயத்தை மதிப்பிடக் கனடாவில் உருவான எச்.சி.ஆர்-20 கருவியின் 20 அம்சங்களும் அபாயத்தைப் பற்றியவை. அவற்றில் 10 கடந்த காலத்தைச் சேர்ந்தவை. பழைய வன்முறையை எந்தச் சிகிச்சையாலும் அழிக்க முடியாது; திருந்தியவருக்கும் அந்தப் பாதி மாறுவதில்லை.

இந்த ஒருதலைப்பட்சத்தைச் சரிசெய்ய நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள வான் டெர் ஹூவென் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2007இல் சாப்ராஃப் கருவியை வெளியிட்டனர். தன்னடக்கம், வேலை, பொழுதுபோக்கு, வாழ்க்கை இலக்கு, நல்ல உறவுகள் உட்பட, வன்முறையிலிருந்து ஒருவரைத் தடுக்கக்கூடிய 17 காப்புக் காரணிகள் அதில் உள்ளன; இவற்றில் 15 மாறக்கூடியவை. இதைத் தனியாகப் பயன்படுத்தக் கூடாது, அபாய மதிப்பீட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

கனடிய ஆய்வாளர்கள் கிராண்ட் ஹாரிஸ், மார்னி ரைஸ் போன்றோர் காப்புக் காரணி என்ற கருத்தையே ஏற்கவில்லை. காப்புக் காரணி என்பது அபாயக் காரணியையே தலைகீழாக எழுதியதுதான் என்பது அவர்கள் வாதம். தன்னடக்கத்தைப் பொறுத்தவரை இது சரி: எச்.சி.ஆர்-20 ஏற்கெனவே பதிவு செய்யும் உணர்ச்சிவேகத்தின் மறுபக்கமே அது. இரண்டையும் எண்ணினால் ஒரே செய்தி இருமுறை கணக்கில் ஏறும். ஆனால் பொழுதுபோக்குக்கும் வாழ்க்கை இலக்குக்கும் அந்தப் பட்டியலில் நேர் எதிரிணை இல்லை. மேலும், சிகிச்சைக் காலத்தில் காப்பு மதிப்பெண் உயர்ந்தவர்கள் விடுதலைக்குப் பின் மீண்டும் வன்முறையில் இறங்குவது குறைந்ததை மிகீல் டெ வ்ரீஸ் ரொபே குழுவினரின் ஆய்வுகள் காட்டின. வாதம் பாதிதான் நிற்கிறது.

என் பெரிய ஆட்சேபம் வேறு. பூட்டிய மருத்துவமனையின் வெளிக் கட்டுப்பாடும், அங்கே கிடைக்கும் தொழில்முறைப் பராமரிப்பும் சாப்ராஃபில் காப்பாக எண்ணப்படுகின்றன. உள்ளே இருக்கும்வரை அது உண்மையே. வாசலைத் தாண்டும் நாளில் அந்தக் காப்பு நோயாளியோடு வருவதில்லை. தன்னடக்கத்தையும் காவலரின் சாவியையும் ஒரே கூட்டலில் சேர்த்தால், மொத்த எண் அவர் தாமாகப் பெற்ற வலிமையைக் காட்டாது. கட்டடத்தின் வலிமையைக் காட்டும். சாப்ராஃப் காப்பாக எண்ணும் துணைவர் உறவிலும் சிக்கல் உண்டு. உறவு காப்பாகலாம், ஆனால் முன்பு நோயாளியிடம் அடிபட்டவரே அந்தத் துணைவர் என்றால், அவரைக் கேடயமாக நிறுத்துவது அநீதி.

ஆகவே என் தீர்ப்பு: காப்புக் காரணிகள் இல்லாத மதிப்பீடு முழுமையற்றது, அதன் அடிப்படையில் ஒருவரின் சுதந்திரத்தை மறுக்கக் கூடாது. ஆனால் அபாயத்திலிருந்து கழித்துக்கொள்ளும் எண்ணாகவும் அவற்றைக் கையாளக் கூடாது. அகக் காப்பையும் புறக் காப்பையும் அறிக்கையில் தனித்தனியே எழுத வேண்டும். புறக் காப்பு ஒவ்வொன்றுக்கும், வெளியே அதைத் தரப்போவது யார், எவ்வளவு காலத்துக்கு என்று பெயரோடு குறிக்க வேண்டும். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் அந்த மதிப்பெண்ணை நீதிமன்றம் ஏற்கக் கூடாது.