குறுக்கன்மூலையின் வில்லன்

'மின்னல் முரளி'யை முதல்முறை பார்த்தபோது பாதியிலேயே எனக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது. நாயகன் ஜெய்சன் அடி வாங்கினால் சிரிப்பு வருகிறது. வில்லன் ஷிபு அவமானப்பட்டால் வயிற்றைப் பிசைகிறது. பக்கத்தில் இருந்த நண்பன், "டேய், நாம தப்பான ஆளுக்குக் கைதட்டிக்கிட்டு இருக்கோமா?" என்றான். அந்தக் கேள்விக்காகவே போன வாரம் மறுபடியும் பார்த்தேன்.

2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வந்த மலையாளப் படம். இயக்கம் பேசில் ஜோசப். குறுக்கன்மூலை என்ற சிற்றூரில் ஒரே இரவில் இரண்டு பேர்மேல் மின்னல் இறங்குகிறது. ஒருவன் அமெரிக்கா போகக் கனவு காணும் தையல்காரன் ஜெய்சன். இன்னொருவன் ஊரே பைத்தியம் என்று ஒதுக்கி வைத்திருக்கும் டீக்கடைத் தொழிலாளி ஷிபு. டொவினோ தாமஸ் நடித்திருக்கும் ஜெய்சனின் பகுதி கலகலப்பாக இருக்கிறது. ஆனால் சக்தி வருவது, சோதித்துப் பார்ப்பது, உடை மாட்டுவது எல்லாம் நாம் ஏற்கெனவே பார்த்த படிக்கட்டுகள்தான். படத்தைத் தூக்கி நிறுத்துவது ஷிபுவாக வரும் குரு சோமசுந்தரம்.

சூப்பர் ஹீரோ பட வில்லன் என்றதும் 'தி டார்க் நைட்' படத்தின் ஜோக்கரைத்தான் இழுத்து வருவோம். ஹீத் லெட்ஜரின் ஜோக்கருக்குக் கடந்தகாலமே கிடையாது. முகத் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்வான். ஷிபு அதற்கு நேர்மாறு. அவனுடைய பழைய கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறார்கள்.

குரு கூத்துப்பட்டறையில் பயின்றவர். 'ஆரண்ய காண்டம்' காளையனாக அவரைப் பார்த்தவர்களுக்கு அந்த உடம்பு எப்படிக் கூனிக் குறுகும் என்பது தெரியும். இங்கேயும் ஷிபு நடக்கும்போது தோள்கள் முன்னால் மடங்கியே இருக்கின்றன. யாராவது கை ஓங்குவார்கள் என்று எதிர்பார்த்தே பழகிவிட்ட உடம்பு. சக்தி வந்த பிறகும் அந்தக் கூன் உடனே நிமிர்வதில்லை. கைக்குப் பலம் வந்துவிட்டது, முதுகுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை!

பல வருடங்களுக்கு முன்பு ஊரைவிட்டுப் போன உஷா, நோயாளி மகளோடு திரும்பி வந்து கடைசியில் ஷிபுவை ஏற்றுக்கொள்ளும் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. கேமரா அவர் முகத்தை விட்டு நகர்வதில்லை. சிரிப்பு வருகிறது, அதை அழுகை முந்துகிறது, மறுபடி சிரிப்பு. சந்தோஷப்பட்டுப் பழக்கமே இல்லாத ஒருவனுக்குச் சந்தோஷம் வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதுதானே? நான் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது இதே காட்சிதான் உறுத்தியது. பள்ளிக் காலத்திலிருந்து ஒரு பெண்ணையே நினைத்துக் காத்திருப்பது காதலா, பிடிவாதமா? உஷாவுக்கு என்ன வேண்டும் என்று திரைக்கதை நின்று கேட்கவே இல்லை. அவளை அடைய ஷிபு கொலை செய்கிறான். மகளின் சிகிச்சைக்காக வங்கியைக் கொள்ளையடித்து, பழி ஜெய்சன்மேல் விழுகிறது. எழுத்தில் மட்டும் படித்தால் இவனைக் கண்டு பயந்திருப்பேன். குருவின் முகம் நம்மை மன்னிக்க வைக்கிறது. நல்ல நடிப்புக்கு இந்த ஆபத்தும் உண்டு. திரைக்கதையின் ஓட்டையை அது கண்ணீரால் அடைத்துவிடும்.

அதே நடிப்பு வேறொரு ஓட்டையைத் திறந்தும் விடுகிறது. உண்மை தெரிந்ததும் ஊர்க்காரர்கள் ஷிபுவின் வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். உஷாவும் மகளும் உள்ளேயே இறந்துபோகிறார்கள். அதன் பிறகு ஷிபு ஊரை அழிக்கக் கிளம்புகிறான், ஜெய்சன் காப்பாற்றக் கிளம்புகிறான். அவன் காப்பாற்றும் ஊர், தீ வைத்த அதே ஊர். படம் இதை ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் உச்சக்கட்டச் சண்டைக்குத் தாவிவிடுகிறது. சுமாரான ஒரு நடிகர் ஷிபுவாக வந்திருந்தால் நானும் கூடவே தாவியிருப்பேன். குரு விடவில்லை. எரிந்த வீட்டின் முன்னால் அவர் நின்ற முகம், ஜெய்சன் பறந்து பறந்து அடிக்கும்போதும் நடுவில் வந்து நிற்கிறது.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். "அப்போ ரெண்டாம் பாகம் வந்தா பாக்க மாட்டியா?" என்றான்.

பார்ப்பேன்தான். ஆனால் அதில் ஷிபு இருக்க மாட்டானே.