கம்பித் தரையில் ஒரு முயல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் முயல் வாங்க நினைப்பவர் கையோடு வாங்குவது பெரும்பாலும் கம்பிக் கூண்டுதான். சுவர் கம்பிவலை, தரையும் கம்பிவலை, அடியில் இழுத்தெடுக்கும் தட்டு. புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். தட்டைக் கழுவினால் வேலை முடிந்தது. கோட்டைக்குள் பழைய அக்ரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இங்கே ஒரு வீட்டு நாற்றம் அடுத்த வீட்டுக்கும் சொந்தம். எனவே சுத்தம் செய்ய எளிதான கூண்டைத் தேடுவது நியாயமான தேவை.

இந்தக் கூண்டு பண்ணைகளிலிருந்து வீட்டுக்கு வந்தது. பண்ணையில் இதற்கு வலுவான காரணம் உண்டு. காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி புழுக்கை வழியே பரவிக் குட்டிகளைக் கொல்லும்; கம்பித் தரை முயலை அதன் கழிவிலிருந்து பிரித்து அந்த ஆபத்தைக் குறைக்கிறது. காற்றோட்டம் இன்னொரு பெரிய நன்மை. முயலுக்கு 15 முதல் 20 டிகிரி வெப்பம் இதமானது. திருவனந்தபுரத்துப் பகல் ஆண்டில் பெரும்பகுதி 30 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். முயலால் நம்மைப்போல் வியர்த்துக் குளிர முடியாது. காதுகள் வழியேதான் வெப்பத்தை அதிகம் வெளியேற்றுகிறது. நாலு பக்கமும் அடைத்த மரப்பெட்டி இந்த ஊருக்கு ஆகாது. மரம் சிறுநீரையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் பண்ணையில் இறைச்சிக்கு வளரும் முயல் சில மாதங்களே கூண்டில் இருக்கிறது. வீட்டு முயல் எட்டு, பத்து ஆண்டு வாழக்கூடியது. நாய், பூனைக்கு இருப்பதுபோல அதன் பாதத்தில் தோல்மெத்தை கிடையாது; ரோமம் மட்டுமே. கம்பியில் நாளெல்லாம் உட்கார்ந்தால் ரோமம் தேய்ந்து, பின்னங்காலின் அடித்தோல் சிவந்து, புண்ணாகிச் சீழ் கட்டும். கனத்த முயலுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். புண் வந்த பிறகு ஆற்றுவது மிகக் கடினம். நம் வேலை மிச்சமாவதற்கு முயல் தன் காலைக் கொடுக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுத்தம் என்பதும் பாதி உண்மைதான். தட்டில் தேங்கும் சிறுநீரிலிருந்து அம்மோனியா எழும். மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணிக்கு அது நேரடித் தொல்லை. புழுக்கமான காற்றில் நாற்றம் இன்னும் கூடும். கடற்காற்றும் சிறுநீரும் சேர்ந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

முயலின் இயல்பிலேயே வழி இருக்கிறது. அது பொதுவாக ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் உலர்புல் பரப்பிய பிளாஸ்டிக் தட்டை வைத்து, மீதித் தரையை வழுக்காத, கெட்டியான தளமாக அமைத்தால் தினமும் கழுவ வேண்டியது அந்த ஒரு தட்டு மட்டுமே. சுண்ணாம்புச்சத்தால் படியும் வெள்ளைக் கறைக்கு நீர் கலந்த வினிகர் போதும். பினாயிலின் நெடி முயலுக்கு வேண்டாம். கூண்டு தரையிலிருந்து உயர்ந்திருக்கட்டும். மழைநீர் தேங்குவதைத் தடுக்க 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற திட்டத்தை நடத்த வேண்டியிருந்த பகுதி இது.

பிரிட்டனின் முயல் நல அமைப்பு இரண்டு முயல்களுக்குப் பரிந்துரைக்கும் இடம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். அவ்வளவு இடம் இங்கே பலருக்கு இருக்காது. அப்படியானால் கூண்டை உறங்கும் இடமாக மட்டும் வைத்து, முயலைத் தினமும் சில மணி நேரம் அறையில் ஓடவிடுங்கள். வாங்கும்போது முன்பக்கம் அகலமாகத் திறக்கும் கதவைப் பாருங்கள். சுவருக்குக் கம்பி சரி, தரைக்கு வேண்டாம்.