எக்ஸ்எம்எல் விதிநூலும் அதனைக் கற்கும் முறையும்

மென்பொருள் துறையிற் புகும் இளைஞர்கள் எக்ஸ்எம்எல் என்னும் குறியீட்டு முறையைப் பெரும்பாலும் மூலநூலைக் காணாமலே கற்கின்றனர். கூரடைப்புக்குள் ஒரு பெயரை எழுதித் தொடங்குவதும், அதே பெயரைச் சாய்கோட்டுடன் எழுதி முடிப்பதும் தெரிந்தவுடன், 'இவ்வளவுதானே!' என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றனர். நன்னூலைத் தொடாமல் வினாவிடைச் சுருக்கத்தை மனனம் செய்து தேர்வுக்குச் செல்லும் மாணவனின் நிலையும் இதுதான். மூலநூலோ படித்து முடிக்க முடியாத அளவுக்குப் பெரியதன்று. அதனை ஓர் இலக்கண நூலாகவே கொண்டு, அதன் நிறைகுறைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1986ஆம் ஆண்டில் அனைத்துலகத் தர அமைப்பு எஸ்ஜிஎம்எல் என்னும் முறையை ஏற்றது. ஆற்றல் மிக்கது; ஆயினும் விதிவிலக்குகள் மலிந்தது. அதனைப் புரிந்துகொள்ளச் சார்லஸ் கோல்ட்ஃபார்ப் 1990இல் மூலத்தோடு உரையும் சேர்த்து ஒரு பெருநூலே வெளியிட வேண்டியதாயிற்று. இதனைச் சுருக்கி வலைக்கு ஏற்றதாக்க, ஜான் போசாக் தலைமையில் 1996இல் ஒரு குழு கூடிற்று. டிம் பிரே, ஜான் பாவோலி, மைக்கேல் ஸ்பெர்பெர்க்-மெக்குவீன் ஆகிய மூவரும் பதிப்பாசிரியராக இருந்து முடித்த எக்ஸ்எம்எல் 1.0, 1998 பிப்ரவரி 10ஆம் நாள் உலக வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. முதல்நூலைச் சுருக்கி விளங்க வைக்கும் வழிநூல் நம் இலக்கண மரபுக்குப் புதிதன்று.

முதற் பதிப்பின் தொடரமைப்பு விதிகள் 89. முதல் விதி முழு ஆவணத்தைச் சொல்கிறது. கடைசி விதிகள் தனி எழுத்துகளைச் சொல்கின்றன. நம் இலக்கணிகள் எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏறினார்கள். இவர்கள் முழுமையிலிருந்து எழுத்துக்கு இறங்குகின்றனர். இவ்வரிசையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும்: எக்ஸ்எம்எல் ஆவணம் என்பது எழுத்துகளின் வரிசையன்று, ஒரே வேரையுடைய மரம். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பினுள் முழுவதும் அடங்கியிருக்கலாம். பாதி உள்ளும் பாதி வெளியுமாக இருத்தல் கூடாது.

இதனை உணராதவர் செய்யும் பிழை எங்கும் காணக்கூடியது. ஆவணத்தை வெறுஞ்சரமாக எண்ணி, வேண்டிய இடத்தை வெட்டி எடுக்கவும், துண்டுகளை ஒட்டிப் புதிய ஆவணம் செய்யவும் முயல்வர். சில நாள் அது ஓடும். பிறகு ஒரு நாள், நம் கடைத்தெருப் பலகைகளிற் காண்பதுபோல் '& சன்ஸ்' என்று முடியும் வணிகப் பெயர் ஒன்று தரவுக்குள் வரும்; எல்லாம் நின்றுவிடும். '&' என்னும் குறி விதிநூலில் தனிப்பொருள் உடையது; அதனை அப்படியே எழுதலாகாது, வகுத்த மாற்றுக்குறியால் எழுத வேண்டும். மேலும், பண்புகளின் வரிசைக்குப் பொருளில்லை என்றும், அவற்றின் மதிப்பை ஒற்றை மேற்கோளாலோ இரட்டை மேற்கோளாலோ அடைக்கலாம் என்றும், உள்ளீடற்ற உறுப்பை இரு வகையாக எழுதலாம் என்றும் விதிநூல் கூறுகிறது. ஒரே பொருளுக்கு இத்தனை வடிவம் இருக்க, ஒரு வடிவத்தை மட்டும் எதிர்பார்த்து வெட்டுகிற கத்தி எத்தனை நாள் உதவும்? பார்சர் எனப்படும் பாகுபடுத்தும் கருவியிடம் ஆவணத்தை ஒப்படைத்து, அது தரும் மரத்தில் ஏறி இறங்கப் பழகுவதே கற்றல்.

இந்நூலின் கடுமையான விதி, பிழை பற்றியது. வடிவ ஒழுங்கில் ஒரு பிழை கண்டால் பார்சர் வழக்கம்போல் தொடர்ந்து தரவை வழங்கக் கூடாது. 1997இல் குழுவினுள் இது பெரும் வாதத்துக்கு இடமாயிற்று. வலைப்பக்கம் எப்படி எழுதினாலும் உலாவி அதனைப் பொறுத்துக்கொண்டு காட்டிய காலம் அது. அப்பொறுமையால் ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு வகையாகப் பிழையைத் திருத்திக் காட்டியது. ஒருவன் சம்பளக் கணக்கை, மருந்தின் அளவை, நிலப் பதிவை ஏற்றிச் செல்லும் ஆவணத்தில் கருவி தானாக ஊகித்து ஓட்டை அடைப்பதினும் நின்று போவது நன்று என்று குழு முடிவு செய்தது. கற்கத் தொடங்குவோர்க்கு இவ்விதி எரிச்சலூட்டும். எனினும் இம்முடிவு சரியானது என்பதே எம் கருத்து.

தமிழர்க்கு இந்நூலில் தனிச் சுவையுள்ள பகுதி, பெயர்களில் எந்தெந்த எழுத்து வரலாம் என்னும் விதி. உறுப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பது பலர் அறியாதது. 1998ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே அவ்வுரிமை உண்டு. அப்பட்டியலில் ஆய்தம், சார்ந்து வரும் குறிகளோடு வைக்கப்பட்டிருந்தமையால் பெயருக்கு முதலாக வர இயலாது. உயிர்க்குறிகளும் புள்ளியும் அவ்வாறே. மெய்யும் ஆய்தமும் மொழிமுதல் ஆகா என்ற தொல்காப்பிய நெறியை அறிந்து செய்தாரல்லர், யுனிகோடு 2.0 பட்டியலைத் தழுவியதால் தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை இது. தமிழ் எண்களில் ஒன்று முதல் ஒன்பது வரை இடம்பெற்றன, சுழி இல்லை. தமிழ்ச் சுழி யுனிகோட்டில் சேர்ந்தது 2005இல்தான். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி வைத்திருந்த பழந்தமிழ் எண்முறைக்கு அது வேண்டியதும் இல்லை.

ஆனால் பட்டியலிட்டு விதி செய்ததில் ஒரு குறை இருந்தது. யுனிகோட்டில் பின்னர்ச் சேர்ந்த சிங்களம், பர்மியம், கெமர் முதலிய எழுத்துகளுக்குப் பெயர்களில் இடமில்லாமற் போயிற்று. 2004இல் வந்த 1.1 பதிப்பு இதனைத் தீர்க்க முயன்றது. அதனை ஏற்றோர் சிலரே. எனவே 2008 நவம்பரில் வந்த 1.0இன் ஐந்தாம் பதிப்பு, பட்டியலைக் கைவிட்டுப் பரந்த எல்லைகளை வகுத்தது. நீதியான செயல். ஆயினும் கதவை அகலத் திறந்ததால் வேண்டாததும் உள்ளே வந்தது: இப்போதைய விதிப்படி ஒரு பெயர் தமிழ்ப் புள்ளியிலேயே தொடங்கலாம்! நற்பெயர் இடுதல் பற்றிய அறிவுரை பின்னிணைப்பில் உண்டு; பார்சர் அதனைப் பொருட்படுத்தாது.

இதனினும் பெரிய இடையூறு வேறு. தொடக்கத்திலும் முடிவிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும் என்னும் விதிக்கு, கண்ணுக்கு ஒத்திருத்தல் போதாது. ஒவ்வொரு குறியெண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். 'பொருள்' என்ற சொல்லின் ஒகரக் குறியை யுனிகோட்டில் ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறியெண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய எழுத்துருக் குறியீடுகளிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டும் கலந்து வருவதுண்டு. தொடக்கக் குறிச்சொல் ஒரு வகையிலும் முடிவுக் குறிச்சொல் மறு வகையிலும் அமைந்துவிட்டால், பார்சர் 'பெயர் ஒவ்வவில்லை' என்று நின்றுவிடும். எழுதியவனோ பிழையைக் காண முடியாமல் தவிப்பான். ஔகாரத்தை ஒரே எழுத்தாக எழுதுவதும், ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து எழுதுவதும் இத்தகையனவே. முன்னதை ஒருமைப்படுத்தும் முறையால் தீர்க்கலாம். பின்னதை அம்முறையும் தீர்க்காது. கையால்தான் திருத்த வேண்டும். தமிழில் தரவு அமைப்போர் முதல்நாட் பாடமாகக் கற்க வேண்டியது இது. ஆங்கிலப் பாடநூலைத் தழுவி எழுதுவோர் இதனைச் சொல்லாமலே விடுகின்றனர்.

நூலின் வெளிப்படையான குறை, சுருக்குப் பெயர் விரிவு பற்றிய பகுதியில் உள்ளது. ஒரு பெயர் பத்துப் பெயராக விரியலாம்; அவை ஒவ்வொன்றும் மேலும் பத்தாக விரியலாம். ஒன்பது படி இவ்வாறு ஏறினால் சில வரிக் கோப்பு நூறு கோடிச் சொல்லாகிக் கணினியின் நினைவகத்தை விழுங்கிவிடும். புறக்கோப்புகளை உள்ளே இழுக்கும் வசதியும் இரகசியத்தைத் திருடுவோர்க்கு வழியாயிற்று. அயலார் அனுப்பும் ஆவணத்தைப் படிக்குமுன் இவ்வசதிகளை அடைத்துவிட வேண்டும்.

இன்று வலைச் செய்திப் பரிமாற்றத்தில் ஜேசான் என்னும் எளிய முறை பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது உண்மையே. ஆனால் நாள்தோறும் நாம் எழுதும் வேர்ட் கோப்பைச் சிப் கோப்பெனப் பெயர்மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். பயிற்சிக்கு அதனினும் நல்ல பொருள் வேண்டுமோ?

மூலத்தைத் தனியே படிக்க அஞ்சுவோர்க்கு டிம் பிரே 1998இலேயே ஓர் உரை எழுதி வைத்தார். ஒருபுறம் மூலம், மறுபுறம் உரை; விதி பிறந்த வரலாறு, நுணுக்க விளக்கம், எடுத்துக்காட்டு எல்லாம் அதில் உண்டு. விதி செய்தவரே உரை செய்த பேறு நம் பழைய நூல்கள் பலவற்றுக்கும் வாய்க்கவில்லை. ஆனால் அவ்வுரை முதற் பதிப்புக்கு உரியது. பெயர் விதிகளுக்கு வரும்போது ஐந்தாம் பதிப்பின் மூலத்தையும் அருகில் விரித்து வைத்துக்கொள்க.