வெளிறும் வைரமும்
மர வில் வயதானால் கெடும் என்பார்கள். வயதைவிட ஈரமே அதிகம் கெடுக்கிறது என்பேன். ஆங்கிலேய நெடுவில்லை யூ மரத்தில் செதுக்குவார்கள். எய்பவருக்கு அப்பாலிருக்கும் முதுகில் இழுவிசை தாங்கும் வெளிர்மஞ்சள் வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பகுதி; எய்பவரை நோக்கிய வயிற்றில் அமுக்கம் தாங்கும் செம்பழுப்பு வைரம், அதாவது மரத்தின் உட்பகுதி. ஒரே கட்டையில் இரண்டு குணம், என்ன அழகு! ஈரம் ஏறினால் வயிற்று இழைகள் நசுங்கி, நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும். அம்பின் வேகம் குறையும். அப்படியானால் சுக்காகக் காயவைக்கலாமே? கூடாது, மிகக் காய்ந்த மரமும் கடுங்குளிரில் விறைத்த மரமும் சட்டென முறியும். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் முழு விற்கள் கிடைத்தனவே என்று கேட்கலாம். கடலடி வண்டல் காற்றைத் தடுத்ததால் உருவம் தப்பியது; பழைய பலம் முழுதும் தப்பவில்லை. வில் வைத்திருப்பவர்களே, எய்து முடித்ததும் நாணை இறக்குங்கள். வெயிலில் சாத்தி வைக்காதீர்கள்.