எல்லை கடந்த எண்

எண்ணுக்கு எல்லையில்லை, கணினியிலே அதற்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்கோ எல்லையுண்டு. இம்முரணை நிரல்மொழிகள் தீர்த்த வகையினைச் சீர்தூக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எட்டுப் பிட் இடத்திலே 0 முதல் 255 வரையுள்ள எண்கள் அடங்கும். 255 உடன் ஒன்றைக் கூட்டின், ஒன்பதாம் பிட்டுக்கு இடமின்மையால் அது வீழ்ந்துபட, எஞ்சுவது 0 ஆகும். இவ்வாறே குறியுடைய 32 பிட் நிறைவெண்ணில் 2147483647 உடன் ஒன்று கூட, -2147483648 விளையும். எண் எல்லை கடத்தல் மிகைவழிவு. மறுமுனைக்கு மீளுதல் சுற்றித்திரும்பல். 256 ஆல் வகுத்து மீதி கொள்ளும் கணிதம் ஒழுங்குடையதே. மறைகுறியாக்கம் முதலியவற்றுக்கு அத்தகைய கணிதம் வேண்டப்படுவதுமாகும். ஆதலின் குற்றம் திரும்புதலில் அன்று. அறிவியாது திரும்புதலிலேயே உள்ளது.

சி மொழி, குறியற்ற எண்களுக்குச் சுற்றித்திரும்பலை விதித்தது; குறியுடையவற்றுக்கோ விளைவை வரையறுக்காது விட்டது. மிகைவழிவு நிகழாதென்றே தொகுப்பி கொள்ளலாமாதலின், அதனைக் கண்டறிய நிரலர் எழுதிய சோதனையையே அது நீக்கிவிடுதலும் உண்டு. காவலனையே வெளியேற்றும் இவ்விதி, விரைவின்பொருட்டுக் கொடுக்கப்பட்ட பெருவிலை என்க.

யாவா மொழி விளைவை வரையறுத்தது. ஆயினும் வாய் திறவாது. அதன் நூலகத்து இருகூற்றுத் தேடலிலே, கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில், மிகப் பெரிய அணிகளில் கூட்டுத்தொகை எதிர்மறையாகும் வழு நெடுங்காலம் மறைந்திருந்து 2006 இல் வெளிப்பட்டது. பைதன் எண்ணுக்கேற்ப இடத்தை விரிக்கின்றது. அதற்கு நேரமும் நினைவகமும் விலையாகின்றன.

அறிவித்தல் மாத்திரம் போதுமோவெனின், போதாது. 1996 யூன் 4 இல் ஏரியன் 5 விண்கலத்தின் முதற் பறப்பிலே, 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணொன்று 16 பிட் நிறைவெண்ணுள் அடங்கவில்லை. நிரல் எழுதப்பட்ட அடா மொழி வழுவை அறிவிக்கவே செய்தது. அதனை ஏற்றுச் சீர்செய்யும் பகுதி அவ்விடத்தில் அமைக்கப்படவில்லை. வழிகாட்டுங் கணினிகள் இரண்டும் நின்றன. ஏறத்தாழ 40 விநாடியில் கலம் சிதைந்தது.

சுவிவ்ற் மொழியிலே இயல்பான கூட்டற்குறி, மிகைவழிவு நேரின் நிரலை நிறுத்தும். சுற்றித்திரும்பலை வேண்டுவோர் வேறு குறியால் வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். கருத்தையும் தவற்றையும் வேறுபடுத்தும் இந்நெறியே சிறந்ததென்பது எம் துணிபு. எனினும், எச்சரிக்கையைக் கேட்பதற்கு ஒருவரை நியமித்தல் மொழியின் கடனன்று, எழுதுவோன் கடனாம்.