'ஆம்' என்னும் சிறு சொல்

"எதிர்வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டார்." "எதிர்வீட்டுக்காரர் வேலையை விட்டுட்டாராம்." இரண்டுக்கும் வேறுபாடு கடைசியில் ஒட்டிய 'ஆம்' மட்டுமே. முன்னதில் நான் சாட்சி. பின்னதில் வெறும் தூதன். 'ஆம்' செய்தியைப் பொய் என்று சொல்வதில்லை. "நான் பார்க்கலை, கேள்விப்பட்டேன்" என்று சற்றுத் தள்ளி நிற்கிறது, அவ்வளவே.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் 'அந்தே', தெலுங்கில் 'அட', சிங்களத்தில் 'லு'. நம் புணே மராத்தியர் பேச்சுக்கு நடுவே 'ம்ஹணே' என்று செருகுகிறார்களே, அதுவும் இதே வேலைதான். துருக்கி மொழியில் 'மிஷ்' என்று வினைவிகுதியே உண்டு. இந்தியிலோ 'சுனா ஹை' என்று தனியே சொல்லியாக வேண்டும்.

தொல்காப்பியர் 'என்ப', 'என்மனார் புலவர்' என்று அடிக்கடி எழுதுகிறார். அதை வெறும் செய்யுள் வாய்பாடாக நான் கருதவில்லை. முன்னோர் சொன்னதைத் தன் சொத்தாக்கிக் கொள்ளாத நேர்மை அது. மகாபாரதமும், வைசம்பாயனர் ஜனமேஜயனுக்குச் சொல்லக் கேட்டதைச் சூதர் நைமிசாரண்ய முனிவர்களுக்குச் சொல்வதாகவே அமைந்துள்ளது. அந்நூலுக்கு நம் புணே பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த செம்பதிப்பு, 1,259 சுவடிகளைத் திரட்டி, பாடவேறுபாடுகளைப் பக்கத்தின் அடியில் காட்டுகிறது. அதுவும் ஒருவகை 'ஆம்' தானே!

இன்றைய செய்தித்தமிழில் 'ஆம்' போய், 'கூறப்படுகிறது' வந்துவிட்டது. கூறியவர் யார், கேட்டவர் யார்? இருவருமே இல்லை. 'ஆம்' கூடப் பெயரைச் சொல்வதில்லைதான்; ஆனால் சொல்பவர் எதிரே நிற்கிறார், "யார் சொன்னா?" என்று மடக்கலாம். நம் விழா மலர்களோ இன்னும் ஒருபடி மேல். காதில் விழுந்த தலபுராணம், கண்ணால் கண்ட சரித்திரமாகவே அச்சேறிவிடுகிறது.

வீட்டிலும் இது நடக்கிறது. ஒருநாள் ஊரிலிருந்து வந்த தொலைபேசியை எடுத்த என் மகள், "பெரியப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க" என்றாள். பதறிப்போய் நான் திரும்ப அழைத்தால், பெரியப்பாவே பேசுகிறார்! யாரோ சொன்னதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சேர்த்துட்டாங்களாம்" என்று அவள் சொல்லியிருந்தால், பதறுவதற்கு முன் "யார் சொன்னாங்க?" என்று கேட்டிருப்பேன். தவறு அவளுடையதன்று, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் குழந்தைக்கு 'ஆம்' போடக் கற்றுத்தராதது நாங்கள்தான்.

குழந்தைகளுக்குத் திருக்குறள் ஒப்புவிக்கக் கற்றுத்தருகிறோம், நல்லது. கூடவே இந்தச் சிறு சொல்லையும் தருவோம். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களாக அவர்கள் வளரட்டும்.